பிடித்துக்கொண்ட என்ஜின்

இரும்பைத் துரு பிடிக்கிறது என்று சொல்லும் அதே வினைச்சொல்லால்தான், சுழலாமல் இறுகிப்போன என்ஜினையும் ‘பிடித்துக்கொண்டது’ என்று தென்மாவட்டப் பட்டறைகளில் குறிப்பிடுகிறார்கள். ‘ஜாம்’ என்பாரும் ‘சீஸ்’ என்பாரும் உண்டு. எச்சொல்லால் குறித்தாலும் அது ஒரு நோயின் பெயர் அன்று. காய்ச்சலைப் போலப் பல நோய்களுக்குப் பொதுவான ஓர் அறிகுறியின் பெயர். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் தோப்பு ஓரத்திலோ களத்து மேட்டிலோ சில ஆண்டுகளாக நின்றுவிட்ட பழைய டிராக்டரை விலைக்குக் கேட்கும் உழவர், என்ஜின் பிடித்திருக்கிறதா என்பதோடு தம் விசாரணையை முடித்துக்கொண்டால், அறிய வேண்டியதில் பாதியைத்தான் அறிகிறார். ஓடிக்கொண்டிருந்தபோது பிடித்ததா, நின்றுகொண்டிருந்தபோது பிடித்ததா என்பதே அடுத்த கேள்வி. பழுதின் ஆழமும், செலவின் அளவும், நியாயமான விலையும் பெரும்பாலும் அதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தவை.

நிலமும் வண்டியும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அடுத்தடுத்து அமைந்த இவ்விரு ஊர்களைச் சுற்றியுள்ள நிலம் ஒரே தன்மையுடையதன்று. மலையை ஒட்டி மாவும் தென்னையும் நிறைந்த தோப்புகளும், கண்மாய்ப் பாசனத்தில் நெல் வயல்களும், கிழக்கே போகப்போகப் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் ஏற்ற கரிசலும் இருப்பதால், ஒரே டிராக்டர் ஒரு பருவத்தில் கேஜ் வீல் எனப்படும் இரும்புக் கூண்டுச் சக்கரங்களைப் பூட்டிக்கொண்டு தொளி கலக்குகிறது. மற்றொரு பருவத்தில் புழுதி உழவு செய்கிறது. இடையில் டிரெய்லரை இழுக்கிறது. மழையின் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில், அதாவது ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாதங்களில் பெய்கிறது. தொளியும் புழுதியும் என்ஜினை ஓடும்போது தேய்க்க, பருவமழை அது நிற்கும்போது கெடுக்கிறது.

இந்தியாவில் உருவான முதல் டிராக்டர் 1959 ஏப்ரல் 24 அன்று ஃபரிதாபாத்திலிருந்த ஐஷர் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. அதற்கு அடுத்த ஆண்டில் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கப்பெற்று, மாஸி ஃபெர்குசன் கூட்டுறவில் டிராக்டர்களைத் தயாரிக்கலாயிற்று. 1840-இல் சென்னையில் குதிரை வண்டிகள் கட்டும் தொழிலோடு தொடங்கிய சிம்சன் நிறுவனம், பிற்காலத்தில் இங்கிலாந்தின் பெர்கின்ஸ் வடிவமைப்பைத் தழுவிய டீசல் என்ஜின்களைச் செய்தது. அந்த மரபில் வந்த, மூன்று சிலிண்டர்களும் ஏறத்தாழ 2500 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் கொண்ட 35 குதிரைத்திறன் என்ஜின், பழைய டிராக்டர்களின் உள்ளமைப்பை விளக்க நல்ல மாதிரி. கீழே வரும் கணக்குகள் அந்த அளவை அடிப்படையாகக் கொண்டவை. மஹிந்திரா, ஸ்வராஜ், எச்.எம்.டி. போன்ற வண்டிகளில் எண்கள் சற்று மாறினாலும் அடிப்படை மாறாது.

மயிரிழை இடைவெளிகள்

டீசல் என்ஜினில் எரிபொருளைப் பற்றவைக்கத் தீப்பொறி கிடையாது. உருளை வடிவ அறையாகிய சிலிண்டருக்குள் மேலும் கீழும் இயங்கும் பிஸ்டன், உள்ளிழுத்த காற்றை ஏறக்குறைய பதினேழில் ஒரு பங்காக நெருக்குகிறது. அந்த நெருக்கத்தில் காற்று 500 பாகை செல்சியசுக்கும் மேல் சூடேற, இன்ஜெக்டர் தூவும் டீசல் தானே பற்றுகிறது. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைக் கனெக்டிங் ராடு என்னும் இணைப்புத் தண்டு கீழே கொண்டுசெல்ல, கிராங்க் ஷாஃப்ட் என்னும் வளைதண்டு அதைச் சுழற்சியாக மாற்றுகிறது. இந்த இயக்கம் முழுவதும் மிகச் சிறிய இடைவெளிகளை நம்பியது. பிஸ்டனுக்கும், அது உரசி ஓடும் லைனர் என்னும் வார்ப்பிரும்பு உறைக்கும் இடையே மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் இடம் உண்டு. அந்த இடத்தையும் பிஸ்டனின் பள்ளங்களில் அமர்ந்த ரிங்குகள், லைனரை அழுத்தியபடி அடைத்து நிற்கின்றன. வளைதண்டைத் தாங்கும் பேரிங்குகளில் உலோகமும் உலோகமும் தொடுவதே இல்லை. சுழலும் தண்டு தன்னோடு இழுத்துச் செல்லும் எண்ணெய், ஆப்பு வடிவில் அடியில் புகுந்து, சில மைக்ரான் தடிமனுள்ள படலமாகத் தண்டைத் தூக்கிப் பிடிக்கிறது.

இந்த இடைவெளிகளில் எது, எதனால் அடைபடுகிறது என்பதை வைத்தே பிடித்தலின் வகைகள் பிரிகின்றன. நின்ற என்ஜினில் பெரும்பாலும் நீரும் துருவும் அடைக்கின்றன. ஓடும் என்ஜினில் உலோகமே விரிந்தும் உருகியும் அடைக்கிறது.

நின்று பிடித்தது

நின்ற என்ஜினுக்குள் நீர் புகும் முதல் வழி, மேல்நோக்கி நிற்கும் சைலன்சர் குழாய். அதன் வாயில் தகர மூடி இருக்க வேண்டும்; மூடி உடைந்த வண்டிகளில் சிரட்டையையோ பெயின்ட் டப்பாவையோ கவிழ்த்து வைப்பது வழக்கம். அதுவும் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை எளிய கணக்கால் அறியலாம். ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயின் வாய்ப் பரப்பு ஏறத்தாழ 20 சதுர சென்டிமீட்டர். கார்த்திகையில் ஒரு நாள் அடைமழையில் 100 மில்லிமீட்டர் பெய்தால், அந்த வாய் வழியே 200 மில்லிலிட்டர் நீர் உள்ளே இறங்கும். சைலன்சரின் அடியில் வடிகால் துளை இருந்தால் ஒரு பகுதி வெளியேறும்; அந்தத் துளை கரியால் அடைந்திருந்தால் நீர் மேலும் உள்ளே செல்லும்.

அந்நீர் சிலிண்டருக்குள் நுழையக் கதவு திறந்திருக்குமா என்ற ஐயம் எழலாம். நான்கு வீச்சு என்ஜினில் ஒரு முழுச் சுற்று வேலை முடிய வளைதண்டு 720 பாகை சுழல வேண்டும். அதில் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு ஏறத்தாழ 235 பாகை திறந்திருக்கும். மூன்று சிலிண்டர்களும் 240 பாகை இடைவெளியில் ஒன்றையடுத்து ஒன்று வேலை செய்வதால், மூன்று வால்வுகளும் திறந்திருக்கும் நேரங்களைக் கூட்டினால் 705 பாகை வருகிறது. ஆக, மூன்று சிலிண்டர் என்ஜின் எந்த நிலையில் நின்றாலும் ஏதேனும் ஒரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு அநேகமாகத் திறந்தே இருக்கும். மற்ற இரண்டின் வால்வுகளும் மூடியிருக்க, மழைநீர் அந்த ஒரு சிலிண்டரில் இறங்குகிறது. துருப்பிடித்து இறுகிய என்ஜினைத் திறக்கும்போது ஒரு சிலிண்டர் சிதைந்தும் மற்றவை ஓரளவு பளபளப்பாகவும் இருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

துரு உருவாக நீர் மட்டும் போதாது, ஆக்சிஜனும் வேண்டும். வால்வு திறந்த சிலிண்டருக்கு இரண்டும் தடையின்றிக் கிடைக்கின்றன. இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரு மடங்குக்கும் மேலாகப் பெருகுவதால், ரிங்குக்கும் லைனருக்கும் இடையே புகுந்த துரு, சிமெண்டுப் பூச்சைப் போல இரண்டையும் ஒட்டிவிடுகிறது. பிஸ்டன் அலுமினியக் கலப்புலோகத்தால் ஆனது, அது துருப்பிடிப்பதில்லை. எனவே பிணைப்பு நிகழ்வது பிஸ்டனின் முழு உயரத்திலும் அன்று, ரிங்குகள் தொடும் சில மில்லிமீட்டர் அகலமுள்ள வளையங்களில்தான். பிடி கடினமானது, ஆனால் அதன் பரப்பு சிறியது. நின்று பிடித்த என்ஜினை விடுவிக்க முடியும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இந்தச் சிறு பரப்பே.

மழையில்லாமலும் நீர் வரும். பகலின் ஈரக்காற்று, இரவில் குளிர்ந்துவிட்ட இரும்புப் பாளத்தின் மேல் விடியலில் பனித்துளிகளாகப் படியும். மரத்தடியில் நிற்கும் வண்டியில் இந்த ஈரம் உலரவும் நேரமாகும். இரண்டாவது வழி என்ஜினின் குளிர்நீரே. சிலிண்டர் தலைப்பாகத்துக்கும் பிளாக் எனப்படும் அடிப்பாகத்துக்கும் நடுவே உள்ள ஹெட் காஸ்கெட் கசிந்தால், ரேடியேட்டர் நீர் மெல்ல மெல்லச் சிலிண்டருக்குள் இறங்கும். இது மழையைவிடத் தீயது. காரணம், மழை நின்றுவிடும், ரேடியேட்டரோ வற்றும் வரை கொடுத்துக்கொண்டே இருக்கும்.

குளிர்நாடுகளின் டிராக்டர் நூல்கள் இவ்விடத்தில் உறைபனியைப் பற்றி எச்சரிக்கும். நீர் உறையும்போது பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகி, வார்ப்பிரும்பு பிளாக்கையே பிளந்துவிடும். இராஜபாளையம் சமவெளியில் நீர் உறைவதில்லை என்பதால், இங்கே நின்று பழுதான வண்டிகளில் அந்த வகை விரிசலைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. இங்கே விரிசல் வருவது எதிர்த்திசையில்: கொதித்த என்ஜினின் ரேடியேட்டரைத் திறந்து வாய்க்கால் தண்ணீரை ஊற்றும்போது, ஒரு பக்கம் திடீரெனச் சுருங்கித் தலைப்பாகம் கீறுகிறது.

ஓடிப் பிடித்தது

ஓடும்போது பிடிப்பதில் இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. ஒன்று வெப்பத்தால், மற்றது எண்ணெய் இன்மையால்.

ஒரே அளவு சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினியப் பிஸ்டன் 100 பாகை சூடேறினால் சுமார் 0.2 மில்லிமீட்டர் விரியும். அதே அளவு சூடேறிய வார்ப்பிரும்பு லைனர் 0.1 மில்லிமீட்டர்தான் அகலும். நல்ல நிலையில் இந்த வேறுபாட்டுக்கு இடம் விட்டே பிஸ்டன் கடையப்படுகிறது. ரேடியேட்டர் தொளியால் அடைபட்டாலோ, விசிறிப் பட்டை தளர்ந்தாலோ, பிஸ்டன் தன் கணக்கை மீறி விரிந்து, எண்ணெய்ப் படலத்தைக் கிழித்து, லைனரின் மேல் அலுமினியத்தை அப்பிவிடுகிறது. கடினத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றிய வண்டிகளில் இதற்கு மற்றொரு காரணமும் சேர்கிறது. பாத்திரத்தில் படிவதைப் போன்ற சுண்ணாம்புக் காரை நீரறைச் சுவர்களில் படிந்திருக்கும். காரை வெப்பத்தைக் கடத்தும் திறன் வார்ப்பிரும்பின் திறனில் இருபதில் ஒரு பங்கு அளவே என்பதால், ஒரு மில்லிமீட்டர் காரை, சுவரின் தடிமனைப் பல மடங்கு கூட்டியதற்கு ஈடான தடையாகிவிடுகிறது.

வெப்பத்தால் பிடித்த என்ஜின், ஆறியபின் பிஸ்டன் சுருங்குவதால் தானே விட்டுவிடுவதும் உண்டு. அதைக் கையால் சுழற்றினால் சுழலும். ஆனால் கீறிய பிஸ்டனும், ரிங்குகள் பள்ளத்திலேயே சிக்கிய நிலையும், நெருக்கம் குறைந்த சிலிண்டரும் உள்ளே இருக்கும். சுழலும் என்ஜின் நலமானது என்றோ, சுழலாத என்ஜின் மடிந்தது என்றோ முடிவு கட்ட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எண்ணெய் இன்றிப் பிடிப்பதே மூன்றிலும் கொடியது. சம்ப் எனப்படும் எண்ணெய்த் தொட்டியில் அளவு குறைந்தாலோ, எண்ணெய் பம்ப் வலுவிழந்தாலோ, பேரிங்கின் ஆப்புப் படலம் அறுந்து, உலோகத்தை உலோகம் உரசுகிறது. பேரிங்கின் உள்முகத்தில் உள்ள மென்மையான உலோகப் பூச்சு உருகி வழிய, வளைதண்டு நீலம் பாரித்துப் பிடிக்கிறது. அப்போதும் நிறுத்தாமல் இழுத்தால் கனெக்டிங் ராடு முறிந்து, பிளாக்கின் பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். எண்ணெய் குறையாமலே இந்நிலை வரவும் கூடும்: டீசலை டேங்கிலிருந்து இழுத்துத் தரும் சிறு பம்ப்பின் சவ்வு கிழிந்தால், டீசல் சம்ப்பில் கலந்து எண்ணெயை நீர்த்துப்போகச் செய்கிறது, அளவுகோலில் மட்டம் ஏறிக் காட்ட, எண்ணெய் நிறைய இருப்பதாக ஓட்டுநர் நம்புகிறார்.

பிடிக்காமலே பிடித்ததுபோல் தோன்றுவது

சில வண்டிகளில் என்ஜினுக்கு ஒரு பழுதும் இராது. ஸ்டார்ட்டர் மோட்டாரின் சிறு பற்சக்கரம், ஃப்ளைவீல் என்னும் கனத்த சக்கரத்தின் பல்லில் சிக்கி நின்றிருக்கும். மோட்டாரைக் கழற்றியதும் என்ஜின் சுழலும். கியர் விழுந்தபடி துருவேறிய வண்டியிலோ, ஹைட்ராலிக் பம்ப் இறுகிய வண்டியிலோ, தடை வேறெங்கோ இருக்க, பழி என்ஜின் மேல் விழும். கிளட்ச் தட்டு ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டால், கிளட்சை மிதித்தாலும் என்ஜின் கியர் பெட்டியிலிருந்து பிரியாது.

இவற்றோடு சேர்த்து எண்ண வேண்டியது நீர் முட்டுதல். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 830 கன சென்டிமீட்டர்; பதினேழுக்கு ஒன்று என்ற நெருக்கத்தில், பிஸ்டன் உச்சத்தை எட்டும்போது அதன் தலைக்கு மேல் எஞ்சும் இடம் வெறும் 52 கன சென்டிமீட்டர். தேநீர் தம்ளரில் பாதிகூட நிறையாத இந்த அளவுக்கு மேல் அங்கே நீர் இருந்தால், காற்றைப் போல நீர் நெருங்காது என்பதால், பிஸ்டன் மேலே வர முடியாமல் முட்டி நிற்கும். அறியாமல் பேட்டரியை இணைத்து ஸ்டார்ட்டரை அழுத்தினாலோ, வேறொரு டிராக்டரால் கட்டி இழுத்தாலோ, நெருங்க மறுக்கும் நீருக்கும் நிற்க மறுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவே அகப்பட்ட கனெக்டிங் ராடு வளைகிறது. முன்னர் கண்ட ஒரு நாள் மழையின் 200 மில்லிலிட்டர், இந்த இடத்தை ஏறத்தாழ நான்கு முறை நிரப்பும்.

விலை பேசுமுன்

சோதனையின் முதல் கருவி கேள்விதான்: வண்டி கடைசியாகச் செய்த வேலை எது, எப்படி நிறுத்தப்பட்டது? உழவு நடுவே உறுமல் அடங்கி நின்றது என்றால் வெப்பமோ எண்ணெயோ காரணம். நல்லபடியாக ஓட்டிவந்து நிறுத்தி, பின் மறந்துபோனது என்றால் நீரும் துருவும். விற்பவரின் வாய்மொழி பொய்யாகவும் இருக்கலாம் என்பதால், அதை வண்டியின் சாட்சியத்தோடு ஒப்பிட வேண்டும்.

அந்தச் சாட்சியம் மிகத் தெளிவாகக் கிடைக்கும் இடம் சம்ப்பின் அடியில் உள்ள வடிகால் திருகு. அதை முழுதும் கழற்றாமல் இழை இழையாகத் தளர்த்தி, கீழே ஒரு கண்ணாடித் தம்ளரைப் பிடிக்க வேண்டும். நீர் எண்ணெயைவிட அடர்ந்தது. நெடுநாள் அசையாத வண்டியில் அது அடியில் தங்கியிருக்கும். முதலில் தெளிந்த நீரோ செந்நிற நீரோ சொட்டி, பின்னர்க் கறுத்த எண்ணெய் வந்தால், நீர் வந்தது நின்ற பின். பால் கலந்த தேநீர் நிறத்தில் குழம்பாக வந்தால், நீர் எண்ணெயோடு கடையப்படும் அளவுக்கு என்ஜின் ஓடியிருக்கிறது, ஆகவே கசிவு உள்ளேயே இருக்கிறது. எண்ணெய் தண்ணீராக ஓடி டீசல் நாற்றம் அடித்தால், சவ்வு கிழிந்த கதை. எண்ணெயை விரலிடையில் தேய்த்து வெயிலில் பார்க்கும்போது பித்தளை நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ துகள்கள் மின்னினால், பேரிங் கரைந்திருக்கிறது என்று பொருள். சம்ப்பில் நீர் இருந்து ரேடியேட்டரும் நிறைந்திருந்தால் அது மழைநீராக இருக்கவே வாய்ப்பு மிகுதி. ரேடியேட்டர் வற்றியிருந்தால் ஹெட் காஸ்கெட்டையோ லைனரையோ ஐயுற வேண்டும். பிளாக்கின் இரு பக்கங்களிலும் வெல்டிங் ஒட்டோ, புதுப் பெயின்ட் திட்டோ உண்டா என்று தடவிப் பார்ப்பதும் இதே வேளையில் செய்யத்தக்கது.

அடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, வளைதண்டின் முன்முனைக் கப்பியில் ஸ்பேனரை மாட்டி இரு திசையிலும் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். ஒரு திசையில் நன்றாகச் சுழன்று ஓரிடத்தில் முட்டி, எதிர்த்திசையில் மீண்டும் சுழன்றால், அது துரு அன்று. நீர் முட்டுதலோ, சிக்கிய வால்வோ, இடையில் விழுந்த பொருளோ ஆகும். எத்திசையிலும் இம்மியும் அசையாவிட்டால் துருப்பிணைப்போ பேரிங் பிடிப்போ இருக்கக்கூடும். இன்ஜெக்டர்களைக் கழற்ற உரிமையாளர் இசைந்தால், நீர் முட்டியிருப்பின் அத்துளைகள் வழியே வெளியேறும். கைப்பேசியோடு இணைக்கும் மெல்லிய கேமராவை உள்ளே விட்டால், எந்தச் சிலிண்டர் கெட்டது என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

விடுவிக்கும் முறை

நின்று பிடித்த என்ஜினை விடுவிப்பதில் விசைக்குப் பஞ்சமில்லை, பொறுமைக்குத்தான் பஞ்சம். 35 குதிரைத்திறன் என்ஜின் 2000 சுழற்சியில் தரும் முறுக்கு விசை சுமார் 125 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளமுள்ள கடப்பாரையின் முனையில் ஒருவர் 40 கிலோ எடையளவுக்கு அழுத்தினாலே ஏறத்தாழ 400 நியூட்டன் மீட்டர் கிடைக்கிறது. அதாவது என்ஜின் தன் முழு வேகத்தில் தருவதைப் போல மூன்று மடங்கு. அசையாததை இன்னும் நீளமான கம்பியால் வெல்ல நினைப்பவர், துருவைவிட முன்னதாகக் கனெக்டிங் ராடையோ போல்ட்டையோ வென்றுவிடுவார்.

ஆகவே முதல் வேலை ஊறவைத்தல். மண்ணெண்ணெயும் டீசலும் கலந்த கலவையையோ, கடைகளில் விற்கும் துருநீக்கி எண்ணெயையோ இன்ஜெக்டர் துளை வழியே ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்ற வேண்டும்; குழைவு குறைந்த அவை, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறும் அதே நுண்துளை ஈர்ப்பால் துருவின் இடுக்குகளில் புகும். நாள்தோறும் மட்டத்தைப் பார்த்து, குறைந்ததை நிரப்பி, ஒரு வாரமோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும். இடையே வால்வு மூடியைத் திறந்து, எல்லா வால்வுகளும் சுத்தியல் பிடியால் தட்டும்போது இறங்கி எழுகின்றனவா என்று பார்ப்பது கட்டாயம். நேரடியாக டீசல் தூவும் என்ஜின்களில் உச்சத்தில் நிற்கும் பிஸ்டனுக்கும் தலைப்பாகத்துக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே இடம் என்பதால், திறந்தபடி துருவேறிய வால்வை எழும் பிஸ்டன் முட்டினால் வால்வும் வளையும், அதை இயக்கும் தண்டும் வளையும்.

அதன் பிறகுதான் அசைத்தல். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டத்தைக் கண்டவர்கள், தேரை நிலையிலிருந்து பெயர்ப்பதற்கு வேண்டிய பெருமுயற்சியையும், உருளத் தொடங்கியபின் அது எளிதில் நகர்வதையும் அறிவார்கள். நிலை உராய்வு இயக்க உராய்வைவிட மிகுதி என்ற இயற்பியல் உண்மை பிஸ்டனுக்கும் பொருந்தும். ஒரே திசையில் ஓங்கி இழுப்பதைவிட, முன்னும் பின்னுமாகச் சிறு விசையால் ஆட்டும்போது துருப்பிணைப்பு நொறுங்கி, கால் பாகை, அரைப் பாகை என்று இடம் விடுகிறது. ஒவ்வொரு அசைவிலும் எண்ணெய் புதிய இடத்துக்குப் புகுகிறது.

தலைப்பாகத்தைக் கழற்றிய பிறகு, மரக்கட்டையைப் பிஸ்டன் மேல் வைத்துத் தட்டுவதும் உண்டு. இதற்கு வடிவியல் துணை வேண்டும். உச்சத்திலோ அடியிலோ நிற்கும் பிஸ்டனைத் தட்டினால், விசை கனெக்டிங் ராடின் வழியே நேராக வளைதண்டின் மையத்துக்குச் சென்று பேரிங்கை நசுக்குமே ஒழிய, தண்டைச் சுழற்றாது. பாதி உயரத்தில் நிற்கும் பிஸ்டனைத் தட்டினால்தான் விசை சுழற்சியாக மாறும். பிஸ்டன்கள் எந்த உயரத்தில் நிற்கின்றன என்று பார்க்காமல் சம்மட்டியை எடுப்பது வீண் வேலை.

சுழலத் தொடங்கிய என்ஜினை உடனே இயக்கிவிடக் கூடாது. பழைய எண்ணெயை வடித்து, புதியதை ஊற்றி, டீசல் போகாமல் அடைத்து, எண்ணெய் அழுத்தமானி எழும் வரை ஸ்டார்ட்டரால் மட்டும் சுழற்ற வேண்டும். நெடுநாள் நின்ற வண்டியில் டீசல் பம்ப்பின் உள்ளுறுப்பு முழுத் திறப்பில் சிக்கியிருக்க வாய்ப்புண்டு. அப்போது பற்றிய என்ஜின் கட்டுப்பாடின்றி வேகமெடுக்கும். சாவியைத் திருப்பி நிறுத்த இயலாத அந்த நிலையில், காற்று நுழையும் வாயைத் தட்டைப் பலகையால் மூடுவதே வழி, கையால் மூடலாகாது. பலகையை அருகில் வைத்துக்கொண்டுதான் முதல் இயக்கத்தைத் தொடங்க வேண்டும்.

விலையின் அறிவியல்

துருப்பிடித்த சிலிண்டர் விடுபட்டாலும், லைனரில் குழிகள் எஞ்சும். நகத்தால் கீறிப் பார்க்கும்போது தட்டாத கறைகளைக் கல் கொண்டு தேய்க்கும் ஹோனிங் முறையால் சீராக்கலாம். நகம் சிக்கும் குழிகள் இருந்தால் லைனரையே மாற்ற வேண்டும். மாற்றத்தக்க உறையாக லைனர் அமைந்திருப்பது இங்கே பெரும் வாய்ப்பு: துரு தின்றது உறையை, பிளாக் தப்பிவிடுகிறது. எண்ணெய் இன்றிப் பிடித்ததிலோ, வளைதண்டைக் கடைசல் பட்டறையில் 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் குறைத்து அரைத்து, அதற்கேற்ற தடித்த பேரிங் போட வேண்டும். அரைக்க இடமில்லாத அளவுக்கு முன்பே தேய்ந்திருந்தால் தண்டே புதிதாக வேண்டும். பிளாக் துளைபட்டிருந்தால் கணக்கு அங்கேயே முடிந்தது.

ஆனாலும் எந்த வகை என்பதை முழு உறுதியோடு திறக்காமல் சொல்ல இயலாது. எனவே என்ஜின் இல்லாத வண்டி என்று எண்ணி விலையைக் கணிப்பதே பாதுகாப்பான முறை: பின்புற அச்சு, கியர் பெட்டி, ஹைட்ராலிக் தூக்கி, பெரிய டயர்கள், இணைக்கும் கருவிகள் ஆகியவற்றின் மதிப்பே அடிப்படை; என்ஜின் விடுபட்டால் அது மேல்வருமானம். உதிரிபாகம் கிடைப்பதும் விலையின் ஒரு பகுதி. இன்றும் தயாரிப்பிலுள்ள வகைகளின் ரிங்கும் லைனரும் அருகிலுள்ள நகரக் கடைகளில் கேட்கத்தக்கவை, எச்.எம்.டி. நிறுவனத்தின் டிராக்டர் பிரிவை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்த பின், அவ்வண்டிகளுக்குத் தேடல் கூடுதலாக வேண்டும்.

காகிதங்களும் இரும்பைப் போலவே பிடித்துக்கொள்பவை. வேளாண் டிராக்டர் சட்டப்படி போக்குவரத்து வாகனம் அல்லாத வகையைச் சேர்ந்தது. அதன் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும், அதன்பின் புதுப்பிக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்தவற்றோடு ஒத்திருக்கின்றனவா, கடன் கொடுத்த வங்கியின் பெயர் இன்னும் அதில் இருக்கிறதா என்பவற்றைப் பார்க்காமல் முன்பணம் கொடுத்தால், என்ஜின் விடுபட்ட பிறகும் வண்டி நகராது.

இவையனைத்தும் வாங்குபவருக்குப் பயன்படும் அளவுக்கு, வண்டியை விற்காமல் நிறுத்தி வைத்திருப்பவருக்கும் பயன்படும். சைலன்சர் வாயில் ஒரு மூடி, மாதம் ஒருமுறை என்ஜினைச் சூடேறும் வரை ஓட்டுதல், நிறுத்துமுன் சம்ப் எண்ணெயை மாற்றுதல் ஆகிய மூன்றும் நின்று பிடிக்கும் வகையைப் பெரும்பாலும் தடுத்துவிடும். தோப்பில் விழுந்து கிடக்கும் தேங்காயின் சிரட்டை ஒன்றைக் கவிழ்க்காததால் உள்ளே இறங்கிய அரைத் தம்ளர் மழைநீர், ஒரு வாரம் ஊறவைத்து, இம்மி இம்மியாக அசைத்து, உறை மாற்றி வெளியேற்ற வேண்டியதாகிவிடுகிறது.